வறியோர் சட்டமும் இங்கிலாந்தின் பொருள் வளர்ச்சியும்

வறியோரைப் பேணுதற்குச் செலவிடும் பொருள் ஒரு நாட்டின் செல்வப் பெருக்கத்தைத் தடுக்குமா, வளர்க்குமா என்னும் வினா நெடுங்காலமாக அறிஞரிடையே நிலவி வருவதாகும். இதனை ஆராய்தற்கு இங்கிலாந்தின் பழைய வறியோர் சட்டம் சிறந்ததொரு சான்றாகும்.

முதலாம் எலிசபெத்து அரசியின் காலத்தில், 1601 ஆம் ஆண்டில் நிறைவேறிய இச்சட்டம் வறியோரைக் காக்கும் பொறுப்பினை ஒவ்வொரு கோவிற்பற்றின்மீதும் சுமத்திற்று. நிலமும் வீடும் அனுபவிப்போர் வரி செலுத்தினர். சமாதான நீதவான்கள் அவ்வூரவருள்ளிருந்தே நியமித்த மேற்பார்வையாளர் அதனைத் திரட்டி முதியோர், நோயாளர், கைம்பெண்கள், அநாதைகள் ஆகியோர்க்கு வழங்கினர். அரசாங்கம் விதி வகுத்ததேயன்றிப் பொருள் உதவவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய 15,000 பற்றுக்களிற் செலவான இப்பணம் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 2 சதவீதமாயிற்று.

இவ்வேற்பாடு வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது என்பது 1995 இல் பீற்றர் சோலர் என்னும் பொருளாதார வரலாற்றாசிரியர் வெளியிட்ட கருத்தாகும். முதுமையிலும் நோயிலும் ஊர் கைவிடாது என்னும் உறுதி பெற்ற உழைப்பாளி, சிறுதுண்டு நிலத்தையே பற்றிக்கிடவாது கூலித்தொழிலை நாடலாயினான். வரி கொடுப்போரும் தம் சுமை குறையும்பொருட்டு ஊரில் வேலை பெருகுவதை விரும்பினர்.

ஆயினும் ஊர்தோறும் பொறுப்பைப் பிரித்தமையால் விளைந்த தீங்கும் உண்டு. வரிக்குச் சுமையாவர் என ஐயுறப்பட்ட புதியவர்களை அவர்தம் பழைய ஊர்க்கே திருப்பியனுப்ப 1662 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. உழைப்போர் வேலையுள்ள இடத்திற்குச் செல்வதை இது தடுக்கின்றதென 1776 இல் அடம் ஸ்மித் கண்டித்தார். 1795 இலேயே, உதவி வேண்டி நின்றாரை மாத்திரம் அனுப்பலாம் என விதி தளர்த்தப்பட்டது.

அவ்வாண்டிலேயே பேக்சயர் நீதவான்கள் ஸ்பீனம்லாந்திற் கூடி, பாணின் விலைக்கும் குடும்பத்தின் அளவிற்கும் ஏற்பக் குறைகூலியை ஈடுசெய்ய முடிவுசெய்தனர். இத்தகைய உதவி சோம்பலையும் மக்கட்பெருக்கத்தையும் வளர்க்குமென மால்தஸ், றிக்காடோ முதலியோர் வாதித்தனர். 1834 இல் வந்த புதிய சட்டம் உடல்வலியுடையோர்க்கு வீட்டிலிருந்தே கிடைத்த உதவியை ஒழித்து, அவர்களைக் கடுமை மிக்க வேலையில்லங்களுக்கு உட்படுத்த முயன்றது. குறைகூலி உதவியின் விளைவன்று, உதவிக்குக் காரணமே அது என்பதை 1963 இல் மார்க் பிளாக் எடுத்துக்காட்டினார். ஆனால், நோயை விடுத்து மருந்தைப் பழித்தமையால் எளியோர் பட்ட துன்பம் அதற்குமுன்பே நிகழ்ந்து முடிந்தது.

எனவே, அறச்செலவு வளர்ச்சிக்குப் பகையன்று. ஊரறிந்து கொடுத்தல் நன்று. ஊரெல்லையைக் காட்டி மறுத்தலே தீது.