கண்ணாடியில் யார் முகம்?

படத்தைப் பாருங்கள். பென்சிலால் வரைந்த படம். நடுவில் ஒரு நிலைக்கண்ணாடி. சுற்றிலும் பூ வேலை செய்த சட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது.

சட்டம் இருக்கிறது. விளக்கு இருக்கிறது. கண்ணாடிக்குள் மட்டும் ஒன்றும் வரையவில்லை. தாள் வெள்ளையாகவே இருக்கிறது. வரைந்தவர் மறந்துவிட்டாரா? இல்லை.

கண்ணாடிக்கு என்று தனி உருவம் கிடையாது. எதிரே நிற்பவரின் உருவம்தான் அதில் தெரியும். அதனால்தான் அந்த இடம் காலியாக இருக்கிறது.

இது ஐயாவழிக் கோயிலில் உள்ள கண்ணாடி. அந்த வழியைக் காட்டியவர் ஐயா வைகுண்டர். அவர் 1809-ஆம் ஆண்டில் சாமித்தோப்பில் பிறந்தார். இன்று அந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. பெற்றோர் அவருக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். மேல்சாதியார் அதை எதிர்த்தார்கள். பெயரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் காலத்தில் தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோள்சீலை போடக் கூடாது. பெரிய கோயில்களுக்குள் அவர்கள் நுழைய முடியாது.

வைகுண்டர் இதை எதிர்த்துப் பேசினார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கச் செய்தார். மக்கள் அவரிடம் திரண்டு வந்தார்கள். அரசு அவரைப் பிடித்தது. தலைநகரான திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய், சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. 1839-ஆம் ஆண்டில் அவர் விடுதலையானார்.

ஐயாவழிக் கோயிலில் சிலை இல்லை. கண்ணாடிதான் இருக்கிறது. வணங்க வருபவர் அதில் தன் முகத்தைப் பார்க்கிறார். கடவுள் உனக்குள்ளே இருக்கிறார் என்பது அதன் பொருள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

நாராயண குரு திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர். அவரும் சாதிக் கொடுமையை எதிர்த்தவர். 1927-ஆம் ஆண்டில் அவர் சேர்த்தலை அருகே களவங்கோடம் கோயிலில் ஒரு கண்ணாடியை வைத்தார். அதில் ‘ஓம் சாந்தி’ என்ற எழுத்துகள் இருக்கின்றன.

கண்ணாடிக்குச் சாதி தெரியாது. பணம் தெரியாது. ராஜா நின்றாலும் கூலிக்காரர் நின்றாலும் உள்ளதை உள்ளபடி காட்டும்.

மறுபடியும் படத்தைப் பாருங்கள். அந்த வெள்ளை இடம் யாருக்கு? உங்களுக்குத்தான். பென்சிலை எடுங்கள். அங்கே உங்கள் பெயரை எழுதுங்கள். முழுப் பெயரையும் எழுதுங்கள்.