பலாப்பழம் ஒரு பழமா?

கள்ளக்குறிச்சி மாவட்டம் வெள்ளிமலையைச் சுற்றிய கல்வராயன் மலையில் பலா, சீத்தா, கடுக்காய், புளி எல்லாம் விளைகின்றன. தாவரவியல் இவற்றை ஒரே வகையில் சேர்ப்பதில்லை. ருசியும் அளவும் அதற்குப் பொருட்டல்ல. பூவுக்குள் சூலகம் எப்படி இருந்தது, எத்தனை பூக்கள் சேர்ந்து கனியாயின என்றுதான் பார்க்கும்.

புளியம்பூவில் ஒரே சூலகம். அது ஒரு காயாகிறது. கடுக்காயும் அப்படியே. இவை தனிக்கனிகள். சீத்தாப்பூவிலோ ஒன்றோடொன்று ஒட்டாத சூலக இலைகள் பல உண்டு. அவை சிறு கனிகளாகி நெருங்கி இணைகின்றன. தோலில் தெரியும் புடைப்புகள் அவைதான். இது திரள்கனி.

பலாதான் விசித்திரம். அது ஒரு பூவின் கனியே அல்ல. மஞ்சரி முழுவதும், அதாவது ஏராளமான பெண்பூக்கள், ஒன்றாகப் பருத்த கூட்டுக்கனி. நாம் தின்னும் சுளை, பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றானது. உண்மையான கனி, கொட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய உறைதான்! கருவுறாத பூக்கள் சுளைகளுக்கிடையே நாராகத் தங்கிவிடுகின்றன. மகரந்தம் சரியாகச் சேராத பழத்தில் நார் மிகும், சுளை குறையும். மேலே உள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி.

ஆண் மஞ்சரியும் பெண் மஞ்சரியும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். மகரந்தம் கொட்டிய ஆண் மஞ்சரி கறுத்து உதிரும். பிஞ்சு கொட்டுகிறதென்று பதறி உடனே மருந்தடிக்காதீர்கள்; முதலில் காம்பைப் பாருங்கள். பெண் மஞ்சரிக்குக் காம்பு தடிமன், ஆணுக்கு மெலிவு.