கையில் குடை இருந்ததே சார்!

ராத்திரி பதினோரு மணி. எலெக்ட்ரிக் ட்ரெயினிலிருந்து இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய இருட்டுச் சந்தில் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எதிரே இரண்டு பேர். ''மணி என்ன சார்?'' என்றான் ஒருவன். சொல்வதற்காகக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். வாட்ச் அவனிடம், பர்ஸ் இன்னொருத்தனிடம்!

இத்தனைக்கும் காலேஜில் படிக்கும்போது எட்டு மாதம் கராத்தே கற்றவன் நான். மஞ்சள் பெல்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. மாஸ்டர் வணக்கம் சொல்லி, 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணினால் கை தானாகப் பாயும். அந்த இருவரும் வணக்கமும் சொல்லவில்லை, எண்ணவும் இல்லை. நான் என்ன பண்ண?

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: ''கையிலதான் குடை இருந்துதே... அதை என்ன பண்ணீங்க?''

''மழை பெய்யலையே!'' என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ''அடுத்த மாசத்திலேர்ந்து எனக்கும் ஈவினிங் ஷிப்ட். நானும் இதே சந்துலதானே வரணும்?''

பர்ஸ் போனதைவிட இந்தக் கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. விடை தேடிப் போனபோது கிடைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது பெங்களூரில்!

மெட்ராஸ் ரயில்வே பிள்ளை

எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட். 1860-ல் பிறந்தவர். அப்பா, மெட்ராஸ் ரயில்வேயில் என்ஜின்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி. பிள்ளையும் என்ஜினீயர் ஆனார். வேலை விஷயமாக ஜப்பான் போனவர், அங்கே ஜுஜிட்ஸு கற்றுக்கொண்டு 1898-ல் லண்டன் திரும்பினார்.

அந்த வருஷம் லண்டன் பத்திரிகைகளில் 'ஹூலிகன்' என்ற புது வார்த்தை அடிபட்டுக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்களை மடக்கும் ரவுடிக் கும்பல்களுக்கு வைத்த பெயர். கோட்டும் தொப்பியுமாக ஆபீஸிலிருந்து திரும்பும் ஆசாமி என்ன செய்வார்? குத்துச்சண்டை தெரிந்தவருக்குக் காலால் உதைப்பவனைச் சமாளிக்கத் தெரியாது. உதைக்கத் தெரிந்தவரைக் கட்டிப்பிடித்துவிட்டால் கதை முடிந்தது.

பார்ட்டன்-ரைட் கணக்குப் போட்டார். ஒவ்வொரு கலைக்கும் ஒரு தூரம் உண்டு. எதிரி எட்ட இருந்தால் கைத்தடி. கிட்டே வந்தால் பிரெஞ்சுக்காரர்களின் உதை. இன்னும் கிட்டே வந்தால் குத்து. சட்டையைப் பிடித்துவிட்டானா? அப்போது ஜுஜிட்ஸு. நாலையும் சேர்த்து, தன் பெயரில் பாதியையும் ஜுஜிட்ஸுவில் பாதியையும் ஒட்டி, 'பார்ட்டிட்ஸு' என்று பெயர் வைத்தார்.

லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் கிளப் திறந்தார். ஜப்பானிலிருந்து யுகியோ டானி, சடகாஸு உயெனிஷி என்ற இளைஞர்கள் வந்தார்கள். தடிக்கு ஸ்விட்சர்லாந்தின் பியேர் விக்னி.

விக்னியின் தடி வித்தையில் ஒரு நுணுக்கம். வாளுக்குக் கைப்பிடியில் காப்பு உண்டு. தடிக்கு இல்லை. எதிரியின் அடி வழுக்கிக்கொண்டு வந்து விரலை நொறுக்கும். அதனால் தடி பிடித்த கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, நுனியைக் கீழ்நோக்கிச் சரித்துப் பிடி என்றார். அடி விரலை விட்டு விலகி, கீழ்ப்பக்கமாக வழிந்து போய்விடும்!

கோட்டும் ஆயுதம்தான். கைகளை நுழைக்காமல் தோளில் சும்மா போட்டுக்கொண்டு போ. வருகிறவன் முகத்தில் அதை வீசு. அவன் கண் தெரியாமல் தடுமாறும்போது வயிற்றில் ஒரு குத்து. 1899-ல் ஒரு பத்திரிகையில் படங்களோடு இதை விளக்கினார் மனிதர்.

ஷெர்லக் ஹோம்ஸ் செய்த குளறுபடி

1903-ல் ஆர்தர் கானன் டாயில் செத்துப்போன ஷெர்லக் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அருவிக்கரையில் வில்லனிடமிருந்து தப்பியது 'பாரிட்ஸு' வித்தையால் என்று ஹோம்ஸ் சொல்கிறார். ஓர் எழுத்து காணோம்! அதோடு, கதைப்படி அந்தச் சண்டை நடந்தது 1891-ல். பார்ட்டிட்ஸு பிறந்ததோ 1898-க்குப் பிறகு. துப்பறியும் சிங்கத்துக்கே தேதி தப்பிவிட்டது.

ஹோம்ஸ் திரும்பி வந்த நேரத்தில் நிஜக் கிளப் மூடியாகிவிட்டது. 1902-லேயே! கட்டணம் ரொம்ப அதிகம் என்று பேச்சு. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி வருத்தம். நாலு கலையைச் சேர்க்கத் தெரிந்தவருக்கு வரவையும் செலவையும் சேர்க்கத் தெரியவில்லை. பிறகு மின்சார சிகிச்சை, வெப்ப சிகிச்சை என்று காலம் தள்ளி, 1951-ல் தொண்ணூறு வயதில் ஏழையாக இறந்தார். கல்லறையில் பெயர்கூட இல்லை.

நஷ்டக் கணக்குதானா? இல்லை. அவர் வரவழைத்த உயெனிஷி தனிப் பள்ளி நடத்தினார். அங்கே கற்றவர் ஈடித் காரட். ஐந்தடிகூட இல்லாத பெண்மணி. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய தலைவிகளைப் போலீஸ் பிடிக்காமல் காக்க, 1913-ல் ஒரு பெண்கள் படைக்கு ஜுஜிட்ஸு பயிற்சி கொடுத்தவர் அவர்தான்!

இதைச் சொன்னபோதுதான் என் மனைவி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் எங்கள் 'கிளப்' நடக்கிறது. மடக்குக் குடை ரிட்டயர் ஆகி, வளைந்த கைப்பிடி போட்ட நீளக் குடை வந்திருக்கிறது. ரவுடி வேஷம் நிரந்தரமாக எனக்கு. கத்தியைக் காட்டினால் பர்ஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. பர்ஸை மறுபடி வாங்கலாம்.

ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்காக ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கிறேன். சந்தை விட்டுவிட்டோம். விளக்கு எரியும் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறோம். பத்து நிமிஷம் கூடுதல். பார்ட்டன்-ரைட் பட்டியலில் விட்டுப்போன ஐந்தாவது கலை அதுதான் என்கிறாள் அவள்.

குடை? அது அவள் கையில். டிபன் பை என் கையில்!