உப்புக்கட்டியும் ஏரி நீரும்

வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஆலயங்களில் சனிக்கிழமைதோறும் நவக்கிரகங்களை வலம்வரும் முதியோர் பலரின் நெஞ்சில் ஒரு வினா உண்டு: ‘முன்வினையே ஜாதகக் கட்டங்களாக நிற்கிறது எனில், நம் முயற்சிக்கு இடமேது?’

இவ்வினாவைப் புத்தர் பிரானும் எதிர்கொண்டார். யாவும் ஊழின்படியே நிகழும் என்றனர் அவர் காலத்து ஆசீவகர். அவர்தம் கொள்கையை மணிமேகலையின் 27ஆம் காதையிலும் காணலாம். புத்தரோ அதனை மறுத்தார். அனைத்தும் முன்வினையே எனின், கொலையும் களவும் செய்வோரைத் திருத்தவும் வழியின்றிப் போகும் என்றார். மனத்தின் நாட்டமே வினை என்பது அவர் துணிபு.

பௌத்த ஜாதகக் கதைகளுள் 49ஆவது, நாள் பார்த்தலைப் பற்றியது. ‘இன்று நாள் நன்றன்று’ என்ற ஆசீவகர் சொல்லைக் கேட்டு மணமகன் வீட்டார் வாராதிருந்தனர். காத்திருந்த பெண் வீட்டார் மகளை வேறொருவர்க்கு மணம்செய்து கொடுத்தனர்.

அங்குத்தர நிகாயம் கூறும் உவமை இனியது. கிண்ணத்து நீரில் இட்ட உப்புக்கட்டி அந்நீரைக் குடிக்கவொட்டாது செய்யும். கங்கையில் இட்டால் கரிப்பே தெரியாது. நாம் பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். வினை அதே உப்புதான். ஒழுக்கத்தாலும் அன்பாலும் விரிந்த உள்ளத்தில் அதன் கடுமை குறைகிறது.

திருமறைக்காட்டில் கோள்நிலை தீது என்று அப்பர் பெருமான் தடுத்தபோது, கோளறு பதிகம் பாடியருளி மதுரைக்குப் புறப்பட்டார் ஞானசம்பந்தர். சமயங்கள் வேறாயினும் துணிவு ஒன்றே.

ஆதலின் எள் தீபம் ஏற்றுவோம். பேரப்பிள்ளைகளுக்குக் கிரக அச்சத்தை அன்று, நல்லொழுக்கத்தையே கொடுத்துச் செல்வோம்.