மூச்சிரைப்பை முதுமை என்று ஒதுக்க வேண்டாம்

ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளி, 1878 டிசம்பர் 10 அன்று இராஜாஜி பிறந்த ஊராகத் தமிழகத்தில் அறியப்படுகிறது. அவ்வூர் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அண்மைக் காலத்தில் இன்னொரு பெருமையும் சேர்ந்தது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று பரிசோதித்து மாத்திரைகளையும் வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த இரு கோளாறுகளும் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும்போது வந்து சேரும் நோய்களுள் மிகக் கடுமையானது இதயச் செயலிழப்பு. முன்கூட்டியே கண்டறிந்து மாத்திரைகளை விடாமல் உட்கொண்டால், இந்நோய் வந்தவர்களும் பல ஆண்டுகள் நலமாக வாழ முடியும் என்ற நிலை இன்று உருவாகியிருப்பதால், அதைப் பற்றிய தெளிவு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவைப்படுகிறது.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதைக் குறிப்பதன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் செலுத்த முடியாமல் போவதையோ, நுரையீரலிலும் உடலிலும் நீர் தேங்கும் அளவுக்கு இதயத்தின் உள்ளழுத்தத்தை உயர்த்தினால்தான் செலுத்த முடியும் என்றாகிவிடுவதையோ குறிக்கிறது. மாரடைப்பு வேறு, இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் திடீரென அடைபடுவதே மாரடைப்பாகும். ஆயினும், அடைப்பினால் செத்துப்போன தசை மீண்டும் வளராது என்பதால், மாரடைப்பில் உயிர் பிழைத்தவர்களில் பலர் பின்னாளில் இதயச் செயலிழப்புக்கு ஆளாகின்றனர்.

பிற காரணங்களும் உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் வால்வுகளைச் சிதைத்து, இருபது முப்பது வயதிலேயே பெண்களையும் ஆண்களையும் மூச்சுத் திணற வைக்கிறது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் சில பெண்களுக்கு இதயத் தசை தளர்ந்துவிடுகிறது. பல ஆண்டுகள் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களின் இதயம் வீங்கி வலுவிழக்கிறது. 1937இல் இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் ஓசூர்ப் பகுதியும் அடங்கியிருந்தது. மதுவால் தளர்ந்த இதயம், குடியை அறவே நிறுத்திச் சிகிச்சையும் பெற்றால், பலருக்கு ஓரளவேனும் தேறிவிடுகிறது என்பதை மருத்துவம் உறுதிப்படுத்தியுள்ளது.

நோயின் அறிகுறிகள் மெல்லத் தொடங்குகின்றன. முன்பு எளிதாக ஏறிய படிகளில் நின்று நின்று ஏறுவது, படுத்தால் மூச்சு முட்டுவதால் இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்வது, நள்ளிரவில் திணறி எழுந்து உட்கார்ந்துகொள்வது, மாலையானால் கால் வீங்குவது ஆகியவை முதன்மையானவை. கெண்டைக்காலின் முன்பக்க எலும்பின்மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால், நீர் தேங்கிய காலில் பள்ளம் விழுந்து சற்று நேரம் அப்படியே நிற்கும். இதை வீட்டிலேயே எவரும் பார்க்கலாம். ஆனால் மூச்சிரைப்பை வயதின் மேல் போட்டுவிடுவது ஒருபுறமிருக்க, கிரானைட் குவாரிகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஓசூர்ப் பகுதியில், தூசியால் வரும் நுரையீரல் நோய் என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணி மாதக்கணக்கில் காலம் கடத்திவிடவும் வாய்ப்பு அதிகம்.

இதய நோயையும் நுரையீரல் நோயையும் பிரித்தறிய மருத்துவரிடம் வழிகள் உள்ளன. இதயம் அழுத்தத்துக்கு உள்ளாகும்போது அதன் சுவர்களிலிருந்து சுரக்கும் பி.என்.பி. என்னும் பொருளின் அளவை இரத்தத்தில் பார்க்கலாம். அது மிகவும் குறைவாக இருந்தால், மூச்சிரைப்புக்கு இதயம் காரணமாக இருப்பதற்கான வாய்ப்பும் குறைவு. ஈ.சி.ஜி. பழைய மாரடைப்பின் தடயத்தையும் துடிப்பின் ஒழுங்கின்மையையும் காட்டுகிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது எக்கோ பரிசோதனை. நோயாளியை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கவைத்து, மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒலியலைக் கருவியை விலா எலும்புகளுக்கிடையே நகர்த்தும்போது, தசை சுருங்குவதும் வால்வுகள் திறந்து மூடுவதும் திரையில் தெரிகின்றன. வலியும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. இடது கீழறையில் நிரம்பும் சுமார் 120 மில்லி இரத்தத்தில் 70 மில்லி வெளியேறினால், வெளியேற்ற விகிதம் ஏறத்தாழ 60 சதவீதம் என்று கணக்கிடுகின்றனர். இது 40 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் சுருங்கும் திறன் குறைந்த வகை. 50க்கு மேல் இருந்தும் அறிகுறிகள் தென்பட்டால், தசை விறைத்துப்போய் விரிய மறுக்கும் வகையாக இருக்கலாம். ஆகவே, அறிக்கையில் ‘நார்மல்’ என்று விகிதம் வந்துவிட்டதாலேயே நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

சிகிச்சையின் அடிப்படையைப் புரிந்துகொள்ள, தளர்ந்த இதயத்துக்கு உடல் செய்யும் தவறான உதவியைப் புரிந்துகொள்ள வேண்டும். இரத்த ஓட்டம் குறைவதை உணரும் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கின்றன, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, துடிப்பு விரைகிறது. இவையே நாளடைவில் இதயத்தை மேலும் நலிவிக்கின்றன. நீர் மாத்திரை தேங்கிய நீரை வெளியேற்றி மூச்சை எளிதாக்கும். ஆனால் சுருங்கும் திறன் குறைந்தவர்களின் ஆயுளை நீட்டிப்பவை நான்கு வகை மருந்துகளாகும். குழாய்களைத் தளர்த்தும் எனலாப்ரில் அல்லது அதனினும் புதிய சகுபிட்ரில்–வல்சார்டான், துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர், உப்புத் தேக்கத்தைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன், சர்க்கரை நோய்க்காக வந்த டாபாகிளிஃப்ளோசின் ஆகியவையே அவை. கடைசியாகச் சொன்ன மருந்து, சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன் தருவதை 2019இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2020இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்தபின் அதன் விலையும் வெகுவாக இறங்கியது.

இம்மருந்துகளைச் சிறிய அளவில் தொடங்கி, பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றைச் சோதித்தவாறே படிப்படியாக உயர்த்த வேண்டும். இங்கேதான் பெரும் குறை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 2013இல் இதயச் செயலிழப்புடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பதிவுசெய்த ஆய்வில், அவர்களின் சராசரி வயது 61 ஆக இருந்தது. வீடு திரும்பும்போது, சுருங்கும் திறன் குறைந்தவர்களில் ஏறத்தாழ கால்பங்கினருக்கே பரிந்துரைக்கப்பட்ட மருந்துகள் முறையாக எழுதப்பட்டிருந்தன.

ஓசூர் வட்டாரத்தில் இந்தக் குறை மாநில எல்லைக்கோட்டாலும் பெருகக்கூடியது. சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவின் ஜெயதேவா போன்ற மருத்துவமனையில் எக்கோவும் ஆஞ்சியோகிராமும் எடுத்துக்கொண்டு திரும்புபவர், தொடர் சிகிச்சைக்கு உள்ளூர் அரசு மருத்துவமனையையோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியையோ நாடும்போது, பழைய அறிக்கைகளும் மாத்திரைச் சீட்டும் கையில் இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். ஷிப்ட் மாறி மாறி உழைக்கும் தொழிலாளர்கள் மாத்திரை நேரத்தைத் தவறவிடுவதும், உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைத் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆபத்தானவை. அவ்வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கி, நோயைத் திடீரென முற்றச் செய்துவிடும்.

நோயாளியின் வீட்டில் ஓர் எடை பார்க்கும் கருவி இருப்பது நல்லது. காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர். உடனே மருத்துவரை அணுக வேண்டும். ராகிக் களியைக் கைவிடத் தேவையில்லை; அதனுடன் சேரும் மாங்காய் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும்தான் ஒதுக்கிவைக்க வேண்டும். வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் இரத்த அழுத்தத்துக்காகக் கையை நீட்டும்போது, மூச்சிரைப்பையும் கால் வீக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று எண்ணி எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. தேறியிருப்பது அந்த மாத்திரையால்தான்.