உங்களுக்குத் தெரியுமா? – சிவப்பு வண்டிக்காரர்கள்

சித்திரை முதல் நாள் நம் வீட்டில் மாங்காய்ப் பச்சடி கொதிக்கும் நேரம், தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து மௌனமாக நிற்பார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல் துறையில் ‘ஃபோர்ட் ஸ்டைகின்’ என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே பஞ்சுப் பொதிகள், கூடவே டன் கணக்கில் வெடிமருந்து. அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் வெடிப்பில் மாண்டார்கள். அதனால்தான் அந்தத் தேதி நாடு முழுவதும் தீயணைப்போர் நினைவு நாள்.

*

மெட்ராஸ் நகரத்துக்கென்று தனித் தீயணைப்புப் படை உருவானது 1908-ல். இன்றைய முழுப் பெயர் ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை’. வேலையில் பெரும்பங்கு அந்த ‘மீட்பு’தான்.

*

சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்றில் இருப்பது 4,500 லிட்டர் தண்ணீர். அடையாறு அபார்ட்மென்ட் வாசலில் வந்து நிற்கும் 12,000 லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை! நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும் பம்பை முழு வேகத்தில் விட்டால் இரண்டே நிமிடத்தில் தொட்டி காலி. “வந்தாங்க, தண்ணி தீர்ந்துபோச்சுன்னு நிக்கிறாங்க” என்று கூட்டத்தில் ஒருவர் அலுத்துக்கொள்வது இதனால்தான். பின்னால் வரும் லாரி சிக்னலில் மாட்டியிருக்கும்.

*

பம்பு வேகமானது என்பதற்காக எல்லா நேரமும் தண்ணீரைக் கொட்டோகொட்டென்று கொட்டுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். மூடிய அறையில் பொடித்தூறலாகத் தெளித்தால் நீர் சட்டென்று ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். காற்றையும் ஒதுக்கித் தள்ளும். கணக்குத் தவறினால் அதே ஆவி, குழாயைப் பிடித்திருப்பவரையே அவித்துவிடும். இட்லிப் பானை மூடியை அவசரமாகத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

*

2017 மே 31, அதிகாலை. தி. நகர் உஸ்மான் சாலையில் மேம்பாலத்தை ஒட்டிய ‘சென்னை சில்க்ஸ்’ துணிக்கடையின் ஏழு மாடிக் கட்டிடத்தில் தீ. வெளியே நெருப்பைவிடப் புகைதான் அதிகம் தெரிந்தது. குளிர்சாதனக் கடை என்றால் அழகான முகப்பு இருக்கும், ஜன்னல் இருக்காது. புகைக்குப் போக வழியில்லை, வீரர்களுக்கு நுழைய வழியில்லை. சுவரை இடித்துத் துளை போட்டுத்தான் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. உள்ளே அடுக்கடுக்காகத் துணி. மேல் மாடியில் தங்கியிருந்த ஊழியர்களை உயிரோடு இறக்கினார்கள். ஆனால் தீ அன்று முழுவதும் எரிந்து, மறுநாள் விடிவதற்குள் கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸில் பாதி வலுவை இழந்துவிடும். தீயணைப்போர் எரியும் கட்டிடத்தில் தூண்களையும் உத்தரத்தையும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பது அதற்காகத்தான். பிறகு இடிக்கும் வேலையிலும் ஓர் உயிர் போனது. நகைகள் இருந்த லாக்கர்களை இடிபாட்டிலிருந்து எடுத்த செய்தியைத்தான் ஊர் அதிகம் பேசியது என்பது வேறு விஷயம்.

*

முதுகில் மாட்டும் காற்று உருளையில் அடைத்திருப்பது ஆக்சிஜன் அல்ல, அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்று. கணக்குப்படி 45 நிமிடம் வரும். படியேறி, குழாய் இழுத்து, பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அரை மணிகூடத் தாங்காது. காற்று குறைந்தால் விசில் தானாக ஊதும். அது கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்பது பாடம்.

*

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் 1975 ஜூலையில் எரிந்தபோது அதன் உயரம்தான் பெரிய வில்லன். 2023 ஏப்ரலில் அதே கட்டிடத்தின் உச்சியில் பெயர்ப் பலகை பற்றிக்கொண்டது. இந்த முறை ஸ்கைலிஃப்ட் என்ற உயர ஏணி வண்டி வந்து நின்றது. வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வந்தது.

*

2012 பொங்கல் விடுமுறை. சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மஹால் எரிந்தது. 18-ஆம் நூற்றாண்டு நவாப் அரண்மனையின் பகுதி அது. கூரை முழுக்கப் பழைய மரம். கூரை இடிந்து விழுந்ததில் தீயணைப்போர் அன்பழகன் உயிரிழந்தார். கோட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் தீக்காயங்களோடு மீட்கப்பட்டார். நாட்டிலேயே தீயணைப்பு அதிகாரியாகப் பணிக்கு வந்த முதல் சில பெண்களில் அவர் ஒருவர். பின்னர் வீரத்துக்கான அண்ணா பதக்கம் பெற்றார்.

*

101-க்கு போன் போட்டு “மூணாவது கிராஸ் ஸ்ட்ரீட், சீக்கிரம் வாங்க!” என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார்கள். எந்த மூணாவது கிராஸ்? இந்திரா நகரா, சாஸ்திரி நகரா, கஸ்தூர்பா நகரா? அடையாறில் நகருக்கு நகர் மெயின் ரோடு, கிராஸ் ஸ்ட்ரீட். போதாததற்கு வாசலில் புது எண், பழைய எண் என்று இரண்டு. பக்கத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலையோ டீக்கடையையோ சொல்லுங்கள், வண்டி முன்னாடியே வரும்.

*

கேஸ் சிலிண்டர் வாயில் எரிந்தால் வெடிகுண்டைக் கண்டது போல ஓட வேண்டியதில்லை என்று காட்ட, தீயணைப்போர் பள்ளிக்கூடத்திலும் காலனியிலும் வந்து ஈரச் சாக்கைப் போர்த்தி அணைத்துக் காட்டுவார்கள். காற்று தடைபட்டால் தீ அடங்கிவிடும். எல்லோரும் கைதட்டுவோம். வீட்டில் சாக்கு இருக்கிறதா என்று பார்த்தால், அரிசியே இப்போது பிளாஸ்டிக் பையில்தான் வருகிறது. பருத்திப் போர்வையும் ஒரு வாளித் தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும்.

*

தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் மயிலாப்பூர் தெப்பம். கபாலி வலம் வரும்போது குளத்தில் ரப்பர் படகோடு, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருப்பவர்களும் தீயணைப்போர்தான். கூட்டம் முழுக்கத் தெப்பத்தைப் பார்க்கும். அவர்களுக்குக் கண் படிக்கட்டில்: எந்தப் பையன் கடைசிப் படியில் நிற்கிறான்?

*

மழைக்காலம் வந்தால் பாம்பு அழைப்புகள். கிண்டிக் காடும் அடையாறு முகத்துவாரமும் பக்கத்திலேயே இருக்க, செருப்பு ஸ்டாண்டில் சாரை சுருண்டு படுத்திருப்பதில் அதிசயம் என்ன? அதற்கு விஷமும் கிடையாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பிடித்துக்கொண்டு போனால்தான் கதவைத் திறக்கிறார்கள்.

*

விரல் வீங்கி மோதிரம் கழலவில்லையா? நிலையத்துக்கே நேரில் போகலாம். எடுத்தவுடன் வெட்டிவிட மாட்டார்கள். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை மோதிரத்தை ஒட்டினாற்போல் விரல் கணுவைத் தாண்டும் வரைக்கும் நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்றுவார்கள். பிறகு அடியில் இருக்கும் முனையைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக நகர்ந்து கையோடு வந்துவிடும். நூல் பலிக்காவிட்டால்தான் கட்டர். கல்யாண மோதிரம் என்றால் இன்னொரு தடவை நூலைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களும் உண்டு.