சந்தேகத்தின் பலன் சலுகையா?

சென்னை மெரீனா பகுதியில் 2020-இல் சுமார் 22 கிலோ கஞ்சாவுடன் பிடிபட்டதாகக் கைது செய்யப்பட்ட இருவரைச் சிறப்பு நீதிமன்றம் 2023-இல் விடுதலை செய்தது. கைப்பற்றிய கஞ்சாவின் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டன என்பது காவல் துறை தந்த விளக்கம். எலிகளை எண்ணி நகைத்தவர்கள் உண்டு. குற்றவாளிகள் தப்பிவிட்டனரே என்று வருந்தியவர்களும் உண்டு. அந்த வருத்தம் சரியானதுதானா?

பொதுவான குற்றவியல் வழக்கில் மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்புக்கு உரியது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அவ்வாறன்று. பொருள் ஒருவர் வசம் இருந்தது நிறுவப்பட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என நீதிமன்றம் அனுமானிக்கும் (35, 54 பிரிவுகள்). இல்லை என்று காட்டுவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. வணிக அளவு என்றால் பிணை கிடைப்பதும் அரிது.

ஆனால், அந்த அனுமானத்துக்கும் ஓர் அடித்தளம் வேண்டும். பொருள் அவரிடம் கைப்பற்றப்பட்டது என்பதை முதலில் அரசுத் தரப்பு ஐயமற நிறுவ வேண்டும் என்று நூர் ஆகா வழக்கில் (2008) உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இச்சட்டத்தில் எடையே தண்டனையைத் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ வரை கஞ்சா வைத்திருந்தால் அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டுகள். எஞ்சியிருக்கும் சில கிராம் மாதிரியைக் கொண்டு 22 கிலோவை எவ்வாறு நிறுவுவது?

எலிகளுக்கும் இச்சட்டத்தில் விடை இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கைப்பற்றிய பொருளின் பட்டியல், புகைப்படம், மாதிரி ஆகியவற்றை நீதித்துறை நடுவர் முன்னிலையில் தயாரித்துச் சான்று பெற்றால், அவையே முதன்மைச் சான்றாகும் என்கிறது 52-ஏ பிரிவு. அதன்பின் குவியலை முறைப்படி அழித்துவிடலாம். மாதிரி எடுப்பது நடுவர் முன்னிலையில்தான் நிகழ வேண்டும் என்று மோகன்லால் வழக்கில் (2016) உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது; 2022-ஆம் ஆண்டு விதிகளும் அதையே கூறுகின்றன. இந்நடைமுறையில் நேரும் ஒவ்வொரு பிழையும் வழக்கைத் தானாகவே வீழ்த்திவிடாது என்றும் அந்த நீதிமன்றமே பின்னர் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே, சிறு பிழைக்காக நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு விடுவிக்கின்றன என்பது பொருந்தாது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் எனக்கு இது செலவுக் கணக்காகவே தோன்றுகிறது. நடுவரிடம் சான்று பெற ஆகும் செலவு சொற்பம். அதைச் செய்யாமல் விடுவதன் விலையை, உண்மைக் கடத்தல்காரர் விடுதலையாகும்போது சமூகமும், நிரபராதி ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடக்கும்போது அவர் குடும்பமும் செலுத்துகின்றன. கைப்பற்றிய நாளும் நடுவரின் சான்று பெற்ற நாளும் குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே இடம்பெறட்டும். இடைவெளி நீண்டிருந்தால், உரிய அதிகாரி காரணத்தை எழுத்தில் தரட்டும்.